சொன்னவர் யார்? ஸூரா யூசுஃபும் நம் வாசிப்பும்

திருமண மேடைகளிலும் பயான் நிகழ்ச்சிகளிலும் பெண்களைக் குறித்துப் பேச்சு எழும்போது, ஒரு கருத்து இறைவாக்கின் முத்திரையோடு நம் செவிகளில் விழுவதுண்டு. பெண்களின் சூழ்ச்சி மிகப் பெரியது. இதை நாம் சொல்லவில்லை, அல்லாஹ்வே தன் திருமறையில் சொல்லிவிட்டான் என்பார்கள். சபையில் இருக்கும் ஆண்கள் புன்னகைப்பர். திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்கள் மௌனமாக இருப்பர். இறைவனே சொல்லிவிட்ட பிறகு மறுபேச்சு ஏது?

அச்சொற்கள் ஸூரா யூசுஃபின் 28ஆம் வசனத்தில் இருப்பது உண்மை. அங்கே அவற்றைச் சொல்பவர் யார் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. எகிப்தின் உயர் அதிகாரியான அஸீஸ், தம் வீட்டிற்குள் நடந்ததை அறிந்து அதிர்ந்து நிற்கிறார். இளைஞர் யூசுஃபின் சட்டை பின்புறம் கிழிந்திருப்பதைக் கண்டதும் தம் மனைவியை நோக்கி அவர் சொல்லும் சொற்கள் அவை. அவற்றைச் சொன்னவர் கணவர் அல்லர், அங்கு வந்த சாட்சியே என்று கருதிய விரிவுரையாளர்களும் உண்டு. எவ்வாறாயினும் அது கதைக்குள் வாழும் ஒரு மனிதரின் கூற்று. கோபமும் அவமானமும் கலந்த ஒரு தருணத்தில் பிறந்த கூற்று. ஃபிர்அவ்ன் தன்னையே மிக உயர்ந்த இறைவன் என்று கூறிக்கொண்டதும் குர்ஆனில்தான் பதிவாகியுள்ளது. அதை எவரும் மிம்பரில் ஏறி நின்று அல்லாஹ்வின் தீர்ப்பு என்று அறிவிப்பதில்லை. அஸீஸின் சொல்லுக்கு மட்டும் அந்தத் தகுதி எங்கிருந்து வந்தது?

அல்லாஹ் அச்சொல்லை மறுக்காமல் எடுத்துரைத்திருப்பதால் அதை ஏற்றுக்கொண்டான் என்றே பொருள் என வாதிடுவோர் உண்டு. இது அறிவார்ந்த வாதம்தான். எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஆனால் அந்த அத்தியாயத்தை முதல் வசனத்திலிருந்து நூற்றுப் பதினோராம் வசனம் வரை ஒரே அமர்வில், ஒரு கதையாக வாசித்துப் பார்த்தால், மறுப்பு கதையின் போக்கிலேயே இருப்பதை நாம் காணலாம்.

குர்ஆனை ஒரு கதை நூலாகக் கருதலாகாது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் இந்த ஓர் அத்தியாயத்தை அல்லாஹ்வே வரலாறுகளில் மிக அழகியது என்று அறிமுகம் செய்கிறான் (12:3). மூஸா நபியின் வரலாறு பல அத்தியாயங்களில் சிதறிக் கிடக்கிறது. யூசுஃப் நபியின் வரலாறோ கனவில் தொடங்கி, அக்கனவு நனவாவதில் முடியும் வரை ஒரே இடத்தில், இடையறாமல் சொல்லப்படுகிறது. கதையாகச் சொல்லப்பட்டதைக் கதை வாசிக்கும் முறையில்தான் வாசிக்க வேண்டும். ஒரு பாத்திரம் பேசுவதையும் கதை சொல்பவன் பேசுவதையும் பிரித்தறிவது அம்முறையின் அரிச்சுவடி. நாவலும் சிறுகதையும் காலத்தை வீணாக்குபவை என்று பிள்ளைகளிடமிருந்து அப்புறப்படுத்தும் வீடுகளில், இந்த அரிச்சுவடியும் கூடவே வெளியேறிவிடுகிறது. பின்னர் அதே பிள்ளைகள் வளர்ந்து குர்ஆனைத் திறக்கும்போது, யார் பேசுகிறார் என்று கேட்கும் பழக்கம் அவர்களிடம் இருப்பதில்லை.

இந்த அத்தியாயத்தைக் கண்டு கூசியவர்கள் முற்காலத்திலும் இருந்தனர். காரிஜிய்யாக்களில் அஜாரிதா என்னும் ஒரு பிரிவினர், காதல் கதை ஒன்று இறைவேதத்தின் பகுதியாக இருக்க முடியாது என்று கூறி ஸூரா யூசுஃபையே மறுத்ததாக, மதங்களையும் பிரிவுகளையும் பற்றிய தம் நூலில் ஷஹ்ரஸ்தானி பதிவு செய்துள்ளார். பெண்களுக்கு இந்த அத்தியாயத்தைக் கற்பிக்காதீர்கள் என்ற பொருளில் சில அறிவிப்புகளும் உலவின. அவை நம்பத்தக்கவை அல்ல. அஜாரிதாக்கள் மறைந்துபோயினர். அந்தக் கூச்சம் மட்டும் வேறு உருவத்தில் இன்றும் நம்மிடையே உள்ளது. நம் மத்ரஸாக்களில் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லும்போது கிணறும் ஓநாயும் சிறையும் கனவும் விரிவாக வரும். அஸீஸின் வீடு இரண்டு வாக்கியங்களில் கடந்துவிடும். அந்த வீட்டைத்தான் அல்லாஹ் கதவுகள் அடைக்கப்பட்டது முதல் சட்டை கிழிந்த திசை வரை நுணுக்கமாகச் சொல்கிறான்.

அந்த வீட்டில் ஆண், பெண் என்று நாம் வழக்கமாக வகுத்து வைத்திருக்கும் பங்குகள் அனைத்தும் இடம் மாறி இருக்கின்றன. இங்கே அழகு ஆணுடையது. பார்க்கப்படுபவர் ஆண், பார்ப்பவள் பெண். கற்பைக் காத்துக்கொள்ள ஓடுபவர் ஆண். துரத்துபவள் பெண். ஆடை கிழிபடுவது ஆணுக்கு. பழி சுமத்தப்பட்டு, தன் தூய்மையை நிறுவ வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுபவரும் ஆண்தான். இம்மாற்றத்தின் காரணத்தைக் குர்ஆன் ஒரு சிறு தொடரில் சுட்டிவிடுகிறது. அப்பெண்ணுக்குப் பெயர் சூட்டாமல், அவர் எவளுடைய வீட்டில் இருந்தாரோ அவள் என்று மட்டும் குறிப்பிடுகிறது (12:23). ஸுலைகா என்னும் பெயர் பிற்கால நூல்களில் வருவது. குர்ஆனில் அது இல்லை. வீடு அவளுடையது, அவர் சொற்ப விலைக்கு விற்கப்பட்டு அங்கே வந்து சேர்ந்தவர். அடைக்கப்பட்ட கதவுகளின் மீது அதிகாரம் உடையவள் அவள். பெண் என்பதால் அவள் அவ்வாறு செய்தாள் என்று அத்தியாயம் எங்கும் கூறவில்லை. கதவை அடைக்கும் வலிமை அவளிடம் இருந்தது என்று கூறுகிறது.

இன்று யூசுஃபின் அந்த நிலையில் இருப்பவர்கள் யாவர்? பிறர் வீட்டில் சமைத்து, துவைத்து, அங்கேயே உறங்கி எழும் பணிப்பெண்கள். கடல் கடந்து சென்று, கடவுச்சீட்டை எசமானரிடம் ஒப்படைத்துவிட்டு, மூடிய வீடுகளுக்குள் வேலை செய்பவர்கள். அவர்களுள் ஒருத்தி கதவை நோக்கி ஓடினால் நம்மில் எத்தனை பேர் அவளுடைய சட்டை எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று பார்ப்போம்? ஸூரா யூசுஃபை மேற்கோள் காட்டி அவளையே சூழ்ச்சிக்காரி என்றும் சொல்லிவிடக்கூடும். இதைவிடக் கொடிய தலைகீழ் வாசிப்பு இருக்க முடியாது.

சூழ்ச்சி என்று நாம் தமிழில் எழுதும் அரபுச் சொல் 'கைத்' என்பது. இந்த அத்தியாயத்தில் அச்சொல் வரும் இடங்களைத் தொடர்ந்து பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. அது முதன்முதலில் வருவது பெண்களைக் குறித்து அன்று. உன் கனவைச் சகோதரர்களிடம் சொல்லாதே, அவர்கள் உனக்கு எதிராகச் சூழ்ச்சி செய்வார்கள் என்று தந்தை யஃகூப் மகனை எச்சரிக்கும் 5ஆம் வசனத்தில்தான் அச்சொல் அறிமுகமாகிறது. அதாவது ஆண்களின் சூழ்ச்சி. அதுவும் ஒரு தந்தைக்குப் பிறந்த பத்து ஆண்கள் கூடிச் செய்த சூழ்ச்சி. விளையாட அழைத்துச் சென்று கிணற்றில் தள்ளி, சட்டையில் பொய் இரத்தம் பூசி, இரவில் அழுதுகொண்டே தந்தையிடம் வந்து நின்றார்கள். அஸீஸின் மனைவி செய்ததோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அவள் கதவை அடைத்தாள். பிடிபட்டதும் பொய் சொன்னாள். சகோதரர்கள் முன்கூட்டியே கூடிப் பேசி, கொலையைக்கூட ஆலோசித்து, பின்னர் அதைச் செயல்படுத்தினார்கள். எது பெரிய சூழ்ச்சி?

அதன் பின்னரே அஸீஸின் வாயிலும், யூசுஃபின் பிரார்த்தனையிலும், அப்பிரார்த்தனை ஏற்கப்பட்டதைக் கூறும் 34ஆம் வசனத்திலும், அரசனுக்கு அவர் அனுப்பிய செய்தியிலும் அச்சொல் பெண்களைக் குறித்து வருகிறது. யூசுஃப் பேசும்போதும் அல்லாஹ் பேசும்போதும் அது விருந்துக்கு வந்து கைகளை வெட்டிக்கொண்ட, அவரை வற்புறுத்திய குறிப்பிட்ட அப்பெண்களின் சூழ்ச்சியைச் சுட்டுகிறது. அதைப் பெண்ணினம் முழுவதற்குமாக விரித்துப் பேசுவது 28ஆம் வசனத்தில் வரும் அந்த ஒரு குரல் மட்டுமே. 52ஆம் வசனமோ நம்பிக்கைத் துரோகம் செய்வோரின் சூழ்ச்சியை அல்லாஹ் நிறைவேற விடுவதில்லை என்கிறது. அங்கே ஆண், பெண் என்ற பேதமே இல்லை. இறுதியாக 76ஆம் வசனத்தில் அல்லாஹ் அதே சொல்லின் வேரைத் தன் செயலுக்கே பயன்படுத்துகிறான்: தம்பியைத் தம்மிடம் நிறுத்திக்கொள்ள யூசுஃபுக்கு அவ்வாறு ஓர் உபாயத்தை ஏற்படுத்திக் கொடுத்ததாக. ஒரு சொல் அண்ணன்மாரிடம் தொடங்கி, ஒரு வீட்டின் வழியே நடந்து, இறைவனின் நுண்ணிய திட்டத்தில் சென்று அடைகிறது. இடையில் நின்ற ஒரு கணவரின் வாயிலிருந்து அதைப் பிடுங்கி எடுத்து, பெண்குலத்தின் மீது ஒட்டியது நம் வாசிப்பு.

ஷைத்தானின் சூழ்ச்சி பலவீனமானது என்று ஸூரா அந்நிஸா கூறுகிறது (4:76). அதையும் இதையும் அருகருகே வைத்து, ஆகவே ஷைத்தானைவிடப் பெண்களே அஞ்சத்தக்கவர்கள் என்று எழுதியவர்கள் பழைய விரிவுரைகளிலும் உண்டு. ஸமக்ஷரீ தம் விரிவுரையில் இத்தகைய ஒரு கூற்றைப் பெயர் குறிப்பிடாத ஓர் அறிஞருடையதாக எடுத்தெழுதுகிறார். நயமான பேச்சுதான், சபையில் சிரிப்பையும் வரவழைக்கும். ஆனால் ஒன்று அல்லாஹ்வின் கூற்று, மற்றொன்று அல்லாஹ் எடுத்துரைக்கும் ஒரு மனிதரின் கூற்று. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது எப்படி முறையாகும்?

அந்த அஸீஸ் எத்தகைய மனிதர் என்பதையும் கவனிக்க வேண்டும். உண்மை தெரிந்த பின் அவர் செய்தது என்ன? யூசுஃபிடம் இதை விட்டுவிடு என்றார். மனைவியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள் என்றார். செய்தி நகரத்தில் பரவியபோது, யூசுஃபின் தூய்மைக்கான சான்றுகளைக் கண்ட பிறகும், அவரைச் சில காலம் சிறையில் அடைப்பதே சரி என்று அவர்களுக்குத் தோன்றியது என்கிறது 35ஆம் வசனம். சான்றுகளைக் கண்ட பிறகும் என்னும் அத்தொடரில்தான் எத்தனை குடும்பங்களின் வரலாறு அடங்கியிருக்கிறது! குற்றம் யாருடையது என்று தெரியும்; ஆனால் வீட்டின் மானம் காக்கப்பட வேண்டும்; ஆகவே குரல் எழுப்ப வலிமையற்றவர் தண்டிக்கப்பட வேண்டும். நம் ஊர்ப் பஞ்சாயத்துகளும் குடும்பத்துப் பெரியவர்களும் மூடி மறைத்த விவகாரங்களில் சிறைக்குப் போனவர்கள் எவர், மன்னிப்புக் கேட்டுக்கொள் என்ற அளவில் தப்பியவர்கள் எவர் என்பதை ஒவ்வொரு ஊரும் அறியும்.

ஆண்மை குறித்தும் இந்த அத்தியாயம் நாம் பழகிய சித்திரத்தைத் தருவதில்லை. யஃகூப் நபி மகனை நினைத்து அழுது அழுது கண்கள் வெளுத்துப் பார்வை இழந்தார் (12:84). ஆண் பிள்ளை அழலாமா என்று நாம் நம் மகன்களிடம் கேட்கிறோம். ஒரு நபியின் கண்ணீரோ இறைவேதத்தில் நிலைபெற்றிருக்கிறது. வெட்கத்தையும் கற்பையும் பெண்ணின் பொறுப்பாக மட்டும் பேசும் நாம், அவ்விரண்டுக்கும் குர்ஆன் நிறுத்தும் பெரும் சான்று ஓர் இளைஞர் என்பதை மறந்துபோகிறோம். அல்லாஹ்வின் நிழலில் இடம்பெறும் ஏழு பேரைக் கூறும் புகாரியின் நபிமொழியிலும், அழகும் அந்தஸ்தும் உடைய பெண் அழைத்தபோது அல்லாஹ்வை அஞ்சுகிறேன் என்று விலகிய ஆண் ஒருவர் இருக்கிறார்.

குர்ஆன் இறங்கிய பின், முஸ்லிம் கவிஞர்கள் இக்கதையை விட்டுவிடவில்லை. ஹிராத் நகரில் வாழ்ந்த ஜாமீ 1483இல் பாரசீக மொழியில் 'யூசுஃப் வ ஸுலைகா'வை இயற்றினார். வங்காளத்தில் ஷாஹ் முஹம்மது சகீர் பாடினார். தமிழில் கூத்தாநல்லூர்க் கவிஞர் சாரண பாஸ்கரன் 'யூசுப் ஜுலைகா' காவியத்தைப் படைத்தார். இவர்கள் அனைவரும் குர்ஆன் பெயரின்றி விட்ட பெண்ணுக்குப் பெயரையும் இளமையையும் நெஞ்சையும் கொடுத்தார்கள். ஜாமீயின் ஸுலைகா, யூசுஃபைக் காணும் முன்பே கனவில் கண்டு காதல் கொண்டவள். கனவில் கண்டவரே எகிப்தின் அமைச்சர் என்று நம்பித் திருமணத்திற்குச் சென்று, வேறொருவரைக் கண்டு ஏமாந்தவள். அதன் பின்னரே அந்த வீடும் அந்தக் கதவுகளும் வருகின்றன. முதுமையில் பார்வையும் செல்வமும் இழந்து, தான் வணங்கிய சிலையை உடைத்து, ஏக இறைவனிடம் திரும்புகிறாள்; இளமை மீள்கிறது; யூசுஃபை மணக்கிறாள். மணந்த பின் அவள் உள்ளம் இறைவழிபாட்டில் ஆழ்ந்துவிட, இம்முறை யூசுஃப் அவளைத் துரத்துகிறார்; அவருடைய கைபட்டு அவளுடைய ஆடை பின்புறம் கிழிகிறது.

இவையெல்லாம் குர்ஆனில் இல்லை. குர்ஆனாக எவரும் மயங்கிவிடவும் கூடாது. ஜாமீ அதை நன்கு அறிந்தவர். அவர் கவிஞர் மட்டுமல்லர், மார்க்க அறிஞரும் ஆவார். ஓர் ஆசை எவ்வாறு காதலாகிறது, காதல் எவ்வாறு இறைக்காதலாக உருமாறுகிறது என்று அவர் வினவினார். ஒரு பெண்ணின் உள்ளத்தை அதற்குக் களமாக்கினார். பெண்ணின் ஆசையைச் சூழ்ச்சி என்னும் ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடும் நம் காலத்து மேடைப் பேச்சைவிட, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய இந்த அறிஞரின் கண்ணோட்டம் விசாலமானது. ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். அவள் இறைவனை அடைந்ததற்குப் பரிசாக இளமையும் அழகும் திரும்ப வேண்டியிருப்பது நமக்கு உறுத்துகிறது. முதுமையும் சுருக்கங்களும் கொண்ட ஸுலைகாவை யூசுஃபால் நேசிக்க முடியாதா என்று அக்காவியம் கேட்கவில்லை.

அதே ஹிராத் நகரில் 1488இல் ஓவியர் பிஹ்ஸாத் இக்காட்சியை வரைந்தார். ஸஅதீயின் 'பூஸ்தான்' ஏட்டுக்காக வரையப்பட்ட அவ்வோவியம் இன்று கெய்ரோவில் எகிப்திய தேசிய நூலகத்தில் உள்ளது. ஜாமீ பாடிய ஏழு அறை மாளிகையே அதில் நிறைந்திருக்கிறது. சுவர்களும் படிக்கட்டுகளும் மூடிய கதவுகளும் தாளின் பெரும் பகுதியை எடுத்துக்கொள்ள, மேலே ஒரு மூலையில் அவ்விருவரும் சிறியவர்களாகத் தெரிகிறார்கள். பார்ப்பவரின் கண் முதலில் செல்வது கதவுகளுக்குத்தான்.

இனி இந்த அத்தியாயத்தின் மிக நுட்பமான இடத்திற்கு வருவோம். ஆண்டுகள் கழிந்தன. அரசனின் கனவுக்கு விளக்கம் கூறிய யூசுஃபை விடுவிக்க ஆணை வந்தது. அவரோ வெளியே வர மறுத்து, முதலில் கைகளை வெட்டிக்கொண்ட பெண்களின் விவகாரத்தை விசாரிக்கட்டும் என்று தூதரைத் திருப்பி அனுப்பினார். அஸீஸின் மனைவியை அவர் குறிப்பிடவில்லை. தம்மைச் சிறைக்கு அனுப்பியவளின் பெயரைக்கூடத் தம் நாவால் இழுக்கவில்லை. விரிவுரையாளர்கள் இப்பண்பை வியந்து எழுதியுள்ளனர். விசாரணை நடந்தது. அப்போது அப்பெண் தானாக எழுந்து, உண்மை இப்போது வெளிப்பட்டுவிட்டது, நானே அவரை மயக்க முயன்றேன், அவர் உண்மையாளர் என்று அரசவையில் ஒப்புக்கொண்டாள் (12:51). பத்து ஆண்கள் தம் தந்தையிடம் குற்றத்தை ஒப்புக்கொள்ள இந்த அத்தியாயத்தில் இன்னும் நாற்பதுக்கும் மேற்பட்ட வசனங்கள் கடக்க வேண்டியிருக்கின்றன.

அதை அடுத்து வருவதுதான் மனித இயல்பைக் குறித்த புகழ்பெற்ற வசனம். என் உள்ளத்தை நான் குற்றமற்றது என்று சொல்ல மாட்டேன், இறைவன் அருள் புரிந்தாலன்றி மனித உள்ளம் தீமையைத் தூண்டவே செய்யும் என்னும் பொருளில் அமைந்தது (12:53). நஃப்ஸுல் அம்மாரா என்று தஸவ்வுஃப் நூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும் கருத்துக்கு வேர் இதுவே. இதைச் சொன்னவர் யார்? வசனத்தில் பெயர் இல்லை. இது யூசுஃபின் கூற்று என்று தபரீ போன்றோர் கொண்டனர். நாம் கையாளும் தமிழாக்கங்கள் சிலவும் அவ்வாறே விளக்கம் சேர்க்கின்றன. ஆனால் இப்னு கஸீர் அதை ஏற்கவில்லை. முந்திய வசனத்தில் பேசத் தொடங்கிய பெண்ணின் பேச்சே தொடர்கிறது, யூசுஃப் அப்போது அச்சபையில் இல்லை, ஆகவே இது அஸீஸின் மனைவியின் கூற்று என்பதே பொருத்தமானது என்கிறார். இப்னு தைமிய்யாவின் நிலைப்பாடும் இதுவே.

இவ்விரு இமாம்களையும் பிற விஷயங்களில் ஆதாரமாகக் காட்டத் தயங்காத நம் மேடைகளில், இக்கருத்து ஒலித்து நாம் கேட்டதில்லை. அவர்கள் கொண்டது சரியெனில், இந்த அத்தியாயத்தில் பெண்களைப் பற்றிய பொதுத் தீர்ப்பு ஓர் ஆணின் வாயில் வருகிறது. மனிதர் அனைவரையும் பற்றிய உண்மை ஒரு பெண்ணின் வாயில் வருகிறது. தன் தவற்றைப் பெண்மையின் மீது சுமத்தாமல், விதியின் மீதும் ஷைத்தானின் மீதும் சுமத்தாமல், தன் நஃப்ஸின் மீது சுமத்திய பெண் அவள். அதே மூச்சில் தன் இறைவன் மன்னிப்பவன், கருணையாளன் என்றும் கூறினாள். இந்த இரண்டாம் கூற்றை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக்கிப் பேசும் நாம், முதல் கூற்றைப் பெண்ணுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

மக்தப் வகுப்புகளில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவரும் சிறுமியரும் இந்த அத்தியாயத்தை எட்டும்போது, ஆசிரியர் ஒவ்வொரு வசனத்திலும் நிறுத்தி, இதைச் சொல்பவர் யார், யாரிடம் சொல்கிறார், எந்த நிலையில் சொல்கிறார் என்று கேட்கலாம். இதற்குப் புதிய நூல் எதுவும் தேவையில்லை. 28ஆம் வசனத்தில் ஒரு பிள்ளை, அவளுடைய கணவர் என்று விடை சொல்லும். 53ஆம் வசனத்தில் வகுப்பு இரண்டாகப் பிரிந்து விவாதிக்கும், விவாதிக்கட்டும். தபரீயும் இப்னு கஸீரும் அங்கே பிரிந்துதான் நின்றார்கள்.